இளவேனில் பந்தயங்கள்: போடி மலையடிவாரத்தில் குதிரையும் கூடைப்பந்தும்

தமிழர் பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். போடிநாயக்கனூருக்கும் அங்கிருந்து குரங்கணி வழியாக ஏறும் மலைச்சரிவுக்கும் அது சற்றே மூச்சு வாங்கும் காலம். ஆடி, ஆவணியில் தொடங்கும் ஏலக்காய் பறிப்பு மாசி வாக்கில் ஓய்ந்துவிடும். அடுத்த பறிப்புக்குத் தென்மேற்குப் பருவமழை இறங்கி, சரங்களில் காய் திரள வேண்டும். இடையில் இலவங்காய் உடைப்பும் மாங்காய் பறிப்பும் உண்டு. ஆனால் அவை மலையையும் ஊரையும் ஒருசேரக் கட்டிப்போடும் வேலைகள் அல்ல. பள்ளி கல்லூரிகளில் தேர்வு முடிந்திருக்கும். அம்மன் கோயில்களில் கொடி ஏறியிருக்கும். வேடிக்கை பார்க்க ஆளும் பொழுதும் சேர்ந்து கிடைப்பது இந்த இரண்டு மாதங்களில்தான்.

இந்தப் பருவத்துக்கு உரியவையாகத் தமிழ்நாட்டில் இரண்டு ஆட்டங்கள் வளர்ந்தன. ஒன்று பந்தயம்: ஊட்டியில் குதிரை, கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகளில் காளையும் குதிரையும் பூட்டிய வண்டி. மற்றொன்று கூடைப்பந்து: பெரியகுளத்தில் ஒவ்வொரு மே மாதமும் கூடும் அகில இந்தியப் போட்டி. இரண்டும் வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு கைகள் வழியே வந்தவை. எது எந்த ஊரில் வேரூன்றியது என்பதைத் தீர்மானித்ததில் பணத்துக்கும் ஆர்வத்துக்கும் இணையான பங்கு நிலத்துக்கு உண்டு.

வைகையில் இறங்கிய குதிரை

தென்தமிழகத்துக்குக் குதிரை உள்ளூர் விலங்கு அல்ல. பாண்டியர் காலத்தில் அது கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் இறங்கியதையும், வளர்ப்பு முறை தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை விரைவிலேயே மடிந்ததையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்து வைத்தார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்டார், நரிகள் பரிகளாக மாறி மதுரைக்கு வந்தன என்ற திருவிளையாடற் கதையும் அந்த வணிகத்தின் நிழல்தான். வாங்க முடியாதவன் மண்ணால் செய்து வைத்தான். அய்யனார் கோயில்களின் சுடுமண் குதிரைகளும் புரவி எடுப்புத் திருவிழாவும் அப்படி நிலைத்தவை.

இளவேனிலில் பெருங்கூட்டம் ஒரு குதிரையைப் பார்க்கக் கூடும் வழக்கம் பந்தயத்தில் தொடங்கியதல்ல. சித்திரைப் பௌர்ணமியன்று கள்ளழகர் தங்கக் குதிரை வாகனத்தில் வைகை ஆற்றில் எழுந்தருள்வதுதான் மதுரை வட்டாரத்தின் மிகப் பெரிய இளவேனில் காட்சி. முன்பு வெவ்வேறு மாதங்களில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் அழகர் விழாவையும் சித்திரையில் இணைத்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பது மரபு. அறுவடை முடிந்து உழவர்கள் ஓய்ந்திருக்கும் நேரம் அதற்குப் பொருந்தியது. இந்த ஆற்றுக்கும் குரங்கணிக்கும் நேரான உறவு உண்டு. குரங்கணிக்கு மேலே பிறக்கும் கொட்டக்குடி ஆறு போடியைக் கடந்து தேனிப் பக்கம் சென்று வைகையின் நீரோடு சேர்கிறது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்ட பிறகு, அழகர் இறங்கும் நாளுக்கான தண்ணீர் அந்த அணையிலிருந்தே திறந்துவிடப்படுகிறது.

பொதி சுமந்த குதிரை

மலைச்சரிவில் குதிரையின் வேலை ஓடுவது அல்ல, ஏறுவது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன் பிறகு மூணாறுப் பகுதியில் காடு திருத்திப் பல பயிர்கள் வைத்துப் பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. அந்தத் தோட்டங்களுக்கு எட்டிய சமவெளிச் சந்தை போடி. ஆளும் அரிசியும் கருவியும் மேலே போனதும், விளைச்சல் கீழே வந்ததும் பெரும்பாலும் கொட்டக்குடி வழியாகத்தான்.

மூணாறை அடுத்த குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாள ரயில் போடப்பட்டது. ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் மற்றொன்று சாலையிலும் உருள, மாடுகள் அதை இழுத்தன. 1908இல் அதற்குப் பதிலாகக் குறுகிய இருப்புப்பாதை வந்தது. மூணாறிலிருந்து வந்த தேயிலைப் பெட்டிகள் மலை விளிம்பில் இறக்கப்பட்டு, கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டக்குடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்குப் போயின. மலை விளிம்பில் இருந்த நிலையம் டாப் ஸ்டேஷன், நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன், அடிவாரத்தில் இருந்தது பாட்டம் ஸ்டேஷன். 1924 ஜூலை வெள்ளம் இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. ரயில் போய்விட்டது, நிலையங்களின் பெயர்கள் மட்டும் ஊர்ப் பெயர்களாக ஒட்டிக்கொண்டன. சமவெளியில் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பாதை பெயர்க்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்ட தடத்தில் போடிக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது 2023 ஜூனில்.

கம்பிவடமும் இருப்புப்பாதையும் மறைந்த பிறகு மலைக் கிராமங்களுக்கு எஞ்சியது ஒற்றையடிப் பாதையும் பொதி விலங்கும்தான். சென்ட்ரல் ஸ்டேஷன், ஊத்துக்காடு போன்ற ஊர்களுக்கு ரேஷன் அரிசி, சிமென்ட், கேஸ் சிலிண்டர் ஆகியவை குதிரை, கோவேறு கழுதை முதுகில் ஏறின. காபியும் இலவம்பஞ்சும் ஏலக்காயும் அதே முதுகில் இறங்கின. குட்டையான உடலும் உறுதியான குளம்பும் கொண்ட மட்டக்குதிரைக்குத்தான் இங்கே மதிப்பு. உயர்ந்த காலும் மெல்லிய தோலும் கொண்ட பந்தயக் குதிரை இந்தக் கல்லுப் பாதையில் ஒரு நாள் தாங்காது. தேர்தல் காலத்தில் இந்தப் பொதிக் குதிரைகள் செய்தித்தாளில் இடம்பிடிப்பதும் உண்டு. 2019, 2021, 2024 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் தமிழ்நாட்டு வாக்குப்பதிவு ஏப்ரலில் அமைந்தது. சாலை எட்டாத வாக்குச்சாவடிகளுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரையில் கட்டி அனுப்பப்பட்டன.

சாலையில் ஓடும் பந்தயம்

அடிவாரத்தில் ஓட்டம் வண்டிக்கு உரியது. போடி, தேனி, சின்னமனூர், கம்பம் என்று நீளும் பள்ளத்தாக்கில் ஏற்ற வண்டியும் சரக்கு வண்டியும் காளைகளை நம்பியே ஓடின. லாரி வந்து அந்த வேலையைப் பறித்த பிறகும் நல்ல காளை வைத்திருப்பது கௌரவமாக நீடித்தது. அந்தக் கௌரவத்தின் களம்தான் எல்கைப் பந்தயம். ஓரிடத்தில் புறப்பட்டு, குறித்த எல்கையைத் தொட்டுத் திரும்புவது அதன் முறை. இதற்குத் தனி மைதானம் தேவையில்லை. ஊரை ஊரோடு இணைக்கும் தார்ச்சாலையே களம். தூரத்தை இன்றும் பலர் மைல் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

தேனி மாவட்டத்துப் பந்தயங்களின் வகுப்புப் பெயர்கள் கேட்பவரை நிறுத்தும். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று வயதும் உயரமும் பார்த்து மாடுகளைப் பிரிக்கிறார்கள். முதல் சில வகுப்புகள் இளங்கன்றுகளுக்கு. சிறிய பறவைகளின், பூச்சிகளின் பெயர் அவற்றின் வேகத்துக்கும் உருவத்துக்கும் ஒத்துப்போகிறது. வகுப்பு உயர உயர ஓட வேண்டிய தூரமும் கூடும். வண்டியில் சாரதி ஒருவர். கூடவே ஓடி, ஏறி, இறங்கி மாட்டை முடுக்கும் துணை ஆள் ஒருவர். பின்னால் இருசக்கர வாகனங்களில் ரசிகர் படை. திண்ணையிலும் மொட்டை மாடியிலும் நிற்பவர்களுக்குக் காட்சி சில நொடிகள்தான். அந்த நொடிகளுக்காகக் காலையிலிருந்து காத்திருப்பார்கள்.

தென்மாவட்டங்களில் இதே முறையில் குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கிறது. குதிரைகளை உயரம் அளந்து பெரிய குதிரை, நடுக்குதிரை, சிறிய குதிரை என்று பிரிக்கிறார்கள். ரயில் நிலைய வாசல்களில் சவாரிக்கு நின்ற ஜட்கா வண்டிகள் ஆட்டோ ரிக்‌ஷாவின் வரவால் மறைந்தன. வண்டி ஓட்டும் கை மட்டும் பந்தயத்தில் தங்கியது. கோயில் கொடை, வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா போன்ற பெருவிழாக்கள், அரசியல் தலைவர்களின் பிறந்த நாள் என்று வெவ்வேறு காரணங்கள் சொல்லப்பட்டாலும், சாலையோரம் கூட்டம் நிற்க நெல் வயலும் மழையும் இடம் தர வேண்டும் என்பது பொது விதி.

மாட்டுப் பந்தயத்தின் சட்ட வரலாறும் மே மாதங்களில் திரும்பித் திரும்பி வருகிறது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மாநிலம் முழுவதும் நடந்த போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டமும், கர்நாடகத்தின் கம்பளா, மகாராஷ்டிரத்தின் மாட்டு வண்டிப் பந்தயம் ஆகியவற்றுக்கான சட்டங்களும் செல்லும் என்று 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கிண்டியும் ஊட்டியும்

ஜாக்கி ஏறி ஓட்டும் குதிரைப் பந்தயம் ஆங்கிலேயப் படை அதிகாரிகளோடு வந்தது. சென்னை கிண்டியில் அது 1777 முதல் நடந்தது; ஹைதர் அலியுடனான போரின்போது சில ஆண்டுகள் நின்றுபோனது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது. கிண்டியின் பருவம் குளிர்காலம். ஆங்கிலேயர் காலத்தில், கோடையில் மாகாண அரசே உதகமண்டலம் என்ற ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. கவர்னரும் அதிகாரிகளும் அவர்களுடைய குதிரைகளும் மலையேறியதால் பந்தயமும் ஏறியது. கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல் உள்ள ஊட்டித் திடலில் சித்திரை முதல் நாளை ஒட்டித் தொடங்கும் பந்தயங்கள் வைகாசி முடிய நீண்டன. நீலகிரி டெர்பி அந்தப் பருவத்தின் உச்சம். குறிஞ்சித் திருநாட்டில் கோடை என்றால் மலர்க் கண்காட்சி, படகு, குதிரை ரேஸ் என்று சுற்றுலாப் பயணிகள் எண்ணிப் பழகினார்கள்.

ரேஸ் என்ற சொல்லுக்குத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு முகம். செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி போன்ற உரிமையாளர்களின் குதிரைகள் நாட்டின் பெரிய கோப்பைகளை நூற்றுக்கணக்கில் வென்றதைப் பெருமையாகப் பேசியவர்கள் உண்டு. ரேஸ் புத்தகமும் கையுமாகச் சம்பளத்தைத் தொலைத்தவர்களைப் பற்றிய கதைகள் அதைவிட அதிகம். 1974இல் தி.மு.க. அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது; 1986இல் எம்.ஜி.ஆர். அரசு ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது. இரண்டும் நீதிமன்றத்துக்குப் போயின. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, குதிரையின் பயிற்சியும் ஜாக்கியின் திறமையும் சேர்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. சூதாட்டச் சட்டங்கள் பற்றிய பிற்கால வழக்குகளில், இணைய ரம்மி வரை, அந்தத் தீர்ப்பு மேற்கோளாக வருகிறது.

சூது என்ற குற்றச்சாட்டில் தப்பிய பந்தயம் நிலக் கணக்கில் சிக்கியது. ஊட்டித் திடல் 50 ஏக்கருக்கு மேல். குத்தகை முடிந்தும் வாடகை பாக்கி ஏறியதாகக் கூறி 2024 ஜூலையில் அரசு அதைக் கையகப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில், 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்ட கிண்டியின் 160.86 ஏக்கரையும் குத்தகையை ரத்து செய்து எடுத்துக்கொண்டது. ஊட்டியில் பூங்காவும் கிண்டியில் பசுமைவெளியும் நீர்நிலைகளும் அமைப்பது அரசின் திட்டம். கிளப் தரப்பு மீண்டும் நீதிமன்றத்தை நாடியது.

பத்து சென்ட் களம்

கூடைப்பந்துக்குத் தேவையான நிலம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதாவது பத்தரை சென்ட்டுக்குள். இரண்டு கம்பம், இரண்டு வளையம், ஒரு பந்து இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். சமநிலம் அரிதான மலையடிவாரத்தில்கூட ஒரு பள்ளி வளாகத்தில் இது அடங்கும். குதிரைத் திடல் எட்டாத ஊர்களில் கூடைப்பந்து பரவியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்ட் நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை வகுத்தார். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களைக் கூரைக்குள் ஓட வைப்பது அவர் நோக்கம். அதே ஸ்ப்ரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியைத் தயார் செய்தவரும் அவரே. சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் வளர்ந்த அக்கல்லூரியில் பயின்றவர்கள் மாகாணமெங்கும் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாகவும் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர்களாகவும் சேர்ந்தார்கள். கூடைப்பந்து ஊருக்குள் வந்தது பெரும்பாலும் இந்தப் பி.டி. வாத்தியார்களின் விசில் சத்தத்தோடுதான். ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1934இல் டெல்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் 1950இல் அமைந்தது. ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் அணி கூடைப்பந்து ஆடியது ஒரே முறை, 1980 மாஸ்கோவில்.

தமிழ்நாட்டுக்கு வந்தபோது ஆட்டத்தின் பருவம் தலைகீழானது. அமெரிக்காவில் பனிக்குப் பயந்து கூரைக்குள் தோன்றிய ஆட்டம் இங்கே கூரையில்லாத மண் தளத்திலும் சிமென்ட் தளத்திலும் நடந்தது. திறந்த தளத்துக்கு எதிரி மழை. வடகிழக்குப் பருவமழையும் பள்ளி நாட்களும் தவிர்த்தால் எஞ்சுவது கோடை. பகல் வெயிலைத் தவிர்க்க ஆட்டம் மின்விளக்கு வெளிச்சத்துக்கு நகர்ந்தது. மாலை காற்றில் கேலரியில் அமர்ந்து இரவு வரை பார்க்கும் ஆட்டமாக அது மாறியது இப்படித்தான்.

அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு போடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள பெரியகுளம். அங்குள்ள சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கானது. 60 பதிப்புகளைக் கடந்துவிட்ட இப்போட்டி மே நடுவில் ஒரு வாரம் நடக்கிறது. இந்தியன் வங்கி, விமானப்படை, கடற்படை, ராணுவம், கேரள மாநில மின்வாரியம் போன்ற அணிகள் வருகின்றன. மாம்பழமும் தென்னையும் பேர்போன ஒரு சிறு நகரத்தில் இந்திய அணி வீரர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க முடிவதால், தேனி, போடி, வத்தலக்குண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பார்த்துக் கற்கும் பள்ளியாகவும் இருந்து வருகிறது. மே மாதத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் நடத்தும் கோடைகாலப் பயிற்சி முகாம்களும் இதே பருவத்தில் அமைகின்றன.

கல்லூரியிலிருந்து வேலைக்கு

ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலும் இளவேனில் என்றால் குதிரைப் பந்தயம், கூடைப்பந்து என்ற இந்த இரண்டு ஆட்டங்களும்தான். 1939இல் 8 அணிகளோடு தொடங்கி இன்று 68 அணிகளாக விரிந்திருக்கும் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். 1875 முதல் நடக்கும் கென்டக்கி டெர்பி மே முதல் சனிக்கிழமை. கென்டக்கி பல்கலைக்கழகம் மட்டும் 8 முறை கல்லூரிக் கோப்பையை வென்றிருக்கிறது. அங்கே கல்லூரி அணியே ஊரின் அணி. அதில் ஒளிரும் மாணவர் அடுத்து தொழில்முறை லீக்குக்குப் போகிறார்.

தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில், தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். கல்லூரி அணிக்காக ஊர் திரளும் வழக்கம் இல்லை. கல்லூரிக் கூடைப்பந்து இங்கே வேலைக்கான ஏணி. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்பவர், நன்றாக ஆடினால் அதே ஒதுக்கீட்டில் வங்கி, ரயில்வே, வருமான வரித்துறை, சுங்கம், காவல்துறை, முப்படை என்று ஏதேனும் ஒன்றில் வேலை பெறுகிறார். பெரியகுளம் போன்ற கோடைப் போட்டிகளில் களமிறங்குபவை அந்த நிறுவனங்களின் அணிகள். ஆகவே இளவேனில் பார்வையாளர் பார்ப்பது கல்லூரி ஆட்டத்தை அல்ல, அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தை. இந்த அமைப்பு மாநில அணிக்கும் பலன் தந்தது: 2022 ஏப்ரலில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாடு ஆடவர் அணி கோப்பையை வென்றது.

இரண்டு ஆட்டங்களின் இன்றைய நிலையை நிலமே சொல்லிவிடுகிறது. நூறு ஏக்கர் கேட்ட ஆட்டம் அரசின் தயவில் இருந்தது. அரசு மனம் மாறியதும் திடலை இழந்தது. சாலையைச் சில மணி நேரம் இரவல் கேட்கும் வண்டிப் பந்தயம் காவல்துறை அனுமதியோடு தொடர்கிறது. பத்து சென்ட் கேட்ட கூடைப்பந்து பள்ளிகளிலும் கழகங்களிலும் நிலைத்துவிட்டது. ஜூன் முதல் வாரத்தில் மேற்கே மழை இறங்கும், பள்ளிகள் திறக்கும், ஏலத்தோட்டங்களில் களையெடுப்பு தொடங்கும். குரங்கணியில் சாலை முடியும் இடத்தில் குதிரைகளின் முதுகில் உரமூட்டை ஏறும்.